ஆட்டம் முடிந்தால் ஆளும் முடிந்தாரா? மைதானத்தை விட்ட வீரர்கள் படும் பாடு!

வேடசந்தூர்:

திருவிழாக் கபடி என்றால் வேடசந்தூர் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய டியூப் லைட் எரியும். மைக் செட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பாடிப்போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் விசில் பறக்கும்.

முழங்கால் ஒரு தடவை பிசகினால்... போச்சு! அதே ஆள் நூல் மில்லில் "நைட் ஷிப்டு" போகிறார். அங்கே அவர் வெறும் டோக்கன் நம்பர்.

"என்னப்பா, இப்ப ஆடுறதில்லையா?"

டீக்கடையில் கேட்கும் இந்த ஒரு கேள்வி முள்ளாகக் குத்தும்.

காலை 5 மணிக்கு முழிப்பு தட்டும். போக இடம் இல்லை. பசி மட்டும் பழைய பசி! ஓட்டம் நின்றதால் தொப்பை விழும். கோஷ்டியும் கலைந்துவிடும். சின்ன வயதிலிருந்து "பிளேயர்" என்றே அறியப்பட்டவருக்கு, அது போனதும் தான் யார் என்பதே தெரியாமல் போகிறது.

தானாக விட்டவர் எப்படியோ சமாளித்துக்கொள்வார். பிடுங்கப்பட்டவர் பாடுதான் பரிதாபம்.

செங்கல் சூளையில் வீராங்கனை

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்தவர் சாந்தி சவுந்தரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வென்றார்.

சில நாளில் பாலினச் சோதனை முடிவைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஊர் அறிய, உலகம் அறிய அது செய்தியானது. ஓட்டமும் அத்தோடு நின்றது.

முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாயும் ஒரு டி.வி. பெட்டியும் கொடுத்தார். நல்லதுதான். ஆனால் நொந்த மனசுக்கு டி.வி. பெட்டியா மருந்து? 2007-ல் சாந்தி தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டார். 2012-ல் தினக்கூலி 200 ரூபாய்க்குச் சூளையில் செங்கல் அறுத்தார்!

தங்கம் வென்றவருக்கும்...

வசதி இல்லாததால்தான் இந்தத் தவிப்பு என்று நினைக்க வேண்டாம். 2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா பணக்கார வீட்டுப் பிள்ளை. ஜெயித்த பிறகு மனம் வெறிச்சோடிப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார்.

கபடியில் ஒரு சேரலாதன் உண்டு. தமிழ்நாட்டுக்காரர். 40 வயதைத் தாண்டி 2016-ல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிப் புரோ கபடிக் கோப்பையை வாங்கினார். எல்லாருக்கும் அந்த உடம்பு வாய்க்குமா?

சாந்தியைத் தூக்கி நிறுத்தியதும் மைதானம்தான். பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு முடித்தார். 2016-ல் தமிழக அரசு நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கொடுத்தது. பதக்கம் பறிபோய் அப்போது 10 ஆண்டு ஆகியிருந்தது.