பயத்துக்கு ஓர் அளவுகோல்

தம்மம்பட்டியில் பகலெல்லாம் வாகை மரத்தில் சாமி சிலை செதுக்கிவிட்டு, ராத்திரியில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்புக்குப் புத்தகம் திறக்கும் நாற்பது வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் தேர்வு என்றதும் அவருக்குக் கை நடுங்குகிறது. பாடம் வராத பயமா, பாதியில் நெட் போய்விடுமோ என்ற பயமா? முதலாவதற்கு வகுப்பு வேண்டும். இரண்டாவதற்கு மாதிரித் தேர்வும் நல்ல சிக்னலும் போதும். எது என்று தெரிய வேண்டுமானால் பயத்தை அளக்க வேண்டும்.

1952இலேயே உளவியலாளர்கள் ஜார்ஜ் மேண்ட்லரும் சீமோர் சாரசனும் இதற்கென ஒரு வினாத்தாள் போட்டார்கள். 1967இல் லீபர்ட்டும் மாரிஸும் தேர்வுப் பயத்தை இரண்டாகப் பிரித்தார்கள்: 'ஃபெயிலாகிவிட்டால்?' என்று மனசுக்குள் ஓடும் கவலை; வியர்வை, படபடப்பு என்று உடம்பில் தெரியும் பதற்றம். இரண்டில் மதிப்பெண்ணை அதிகம் கெடுப்பது கவலைதான் என்பது பிந்தைய ஆய்வுகள் பலவற்றின் முடிவு. ஸ்பீல்பெர்கர் 1980இல் வெளியிட்ட அளவுகோலில் 20 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை போட்டுக் கூட்டினால் 20க்கும் 80க்கும் நடுவே ஓர் எண் வரும்.

தேர்வு அறையை மனதில் வைத்து எழுதிய அந்த வாக்கியங்களுக்குக் கேமராவைத் தெரியாது. 2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர் தேர்வை ஆன்லைனில் நடத்தியபோது செயற்கை நுண்ணறிவு மென்பொருள் மாணவர்களைக் கண்காணித்தது. முறைகேடு சந்தேகத்தில் பலரின் முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன, ஏராளமானோர் தேறவில்லை. புகார்கள் குவிந்தபின், மே மாதம் அப்போதைய உயர்கல்வித் துறை அமைச்சர் பொன்முடி மறுதேர்வை அறிவித்தார். தலையைத் திருப்பினாலே குற்றமாகிவிடுமோ என்ற அச்சம் பழைய வினாத்தாளில் எங்கே பதிவாகும்?

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களிடம் கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது. வீட்டில் கதவு சாத்திய ஓர் அறை உண்டா? போன் சொந்தமா, மகளுடையதா? தவறினால் பிள்ளைகள் முன் கூச்சமாக இருக்குமா? இப்படிச் சேர்க்கும் வாக்கியங்களைப் பேச்சுத் தமிழில் எழுதி, சிலரிடம் வாசித்துக் காட்டி, கேட்டது அவர்களுக்கு அப்படியே விளங்கியதா என்று பார்த்த பிறகே அளவுகோலை நம்பலாம்.

இத்தகைய ஆய்வுகளில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது ஒன்று: வினாத்தாளையே ஆன்லைன் படிவமாக அனுப்பிவிடுவது. திரையைக் கண்டு மிரளுகிறவர் அதைத் திறக்கவே மாட்டார். பயம் குறைந்தவர்களின் கணக்கே எல்லோருடைய கணக்காகிவிடும். அச்சடித்த தாளோடு பட்டறைக்கே போய், வேலை ஓய்ந்த நேரத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.