கோதா மண்ணைத் தவறவிட்ட சினிமா

குஸ்தியை வைத்து எடுக்கப்பட்ட இந்தியப் படங்களில் உலகமெங்கும் ஓடி வசூலைக் குவித்தது 2016 டிசம்பரில் வெளியான ‘தங்கல்’. ஹரியானாவின் பலாலி கிராமத்துக் கதையாக அது சொல்லப்பட்டாலும் அதன் வேர் டெல்லியில் இருக்கிறது. நாயகனான மகாவீர் சிங் போகாட்டின் உஸ்தாத், மாஸ்டர் சந்த்கி ராம். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இவர், டெல்லி சிவில் லைன்ஸ் பக்கம் யமுனைக் கரையோரமாக அகாடா என்னும் குஸ்திப் பயிற்சிக்கூடம் நடத்தினார். பெண்கள் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் நுழைந்தது 2004இல்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஊரார் ஏச்சைப் பொருட்படுத்தாமல், தன் மகள்களைக் கோதாவில் இறக்கியவர் அவர். அந்தத் துணிச்சலைப் பார்த்த சீடர் தன் ஊரில் அதையே செய்தார். சீடரின் மகள் கீதா 2010 காமன்வெல்த் போட்டியில் டெல்லி மண்ணிலேயே தங்கம் வென்றார். இத்தனைக்கும் ஊற்றுக்கண்ணான அகாடா படத்தின் கதையில் இடம்பெறவில்லை.

படத்தில் மண் இல்லாமல் இல்லை. சிறுமிகள் விடியற்காலையில் ஓடுவதும், பையன்களோடு மண்ணில் புரண்டு மோதுவதும் அழகாகவே படமாகியிருக்கின்றன. ஆனால் கதையின் திருப்பம் மெத்தைகளில் இருக்கிறது. மேட் எனப்படும் போட்டி விரிப்பைக் கேட்டுப்போன இடத்தில் கைவிரிக்கப்பட்டதும், தந்தை மெத்தைகளை வரிசையாகப் பரப்பி மண்ணை மூடிவிடுகிறார். அந்த ஒரு காட்சியில் ஒரு காலமே முடிந்துபோகிறது. படமோ அதை வெற்றிக்கான முதல் படியாக மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறது. பிற்பாதி முழுக்க மேட், புள்ளிகள், பதக்கம்தான். நிஜத்தில் எளிதாக முடிந்த இறுதிப் போட்டிகூடக் கடைசி நொடி வரை இழுக்கப்படுகிறது.

மூடப்பட்ட அந்த மண் சாதாரண மண் அல்ல. சலித்தெடுத்த மண்ணில் கடுகெண்ணெய், மஞ்சள், மோர், வேப்பிலை கலந்து பக்குவம் செய்வார்கள். தினமும் காலையில் பயில்வான்களே மண்வெட்டியால் கொத்திக் கிளறி, பலகை இழுத்துச் சமப்படுத்த வேண்டும். தோளுக்கும் இடுப்புக்கும் அதுவே முதல் பயிற்சி; தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் பிறகுதான். இறங்கும் முன் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். வியர்வையில் பிடி நழுவாமல் இருக்க எதிராளியின் உடம்பிலும் ஒரு கை மண்ணை அள்ளித் தேய்ப்பது வழக்கம். புள்ளிக் கணக்கு கிடையாது. எதிராளியின் முதுகு மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. மண்ணில் பிடி இறுகி, ஆட்டம் மெதுவாக நீளும். மேட்டில் வேகம்தான் எல்லாம்.

இந்த மரபின் பெரிய பள்ளி வடக்கு டெல்லியில், சக்தி நகர் பக்கத்தில் உள்ள குரு ஹனுமான் அகாடா. ராஜஸ்தானின் சிராவாவில் பிறந்து டெல்லி வந்த விஜய் பால்தான் பின்னாளில் குரு ஹனுமான் ஆனார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற சத்பால், 1978, 1986 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற கர்தார் சிங் இருவரும் இவர் வளர்த்த பயில்வான்கள். துரோணாச்சாரியார் விருது பெற்ற அந்த உஸ்தாத் 1999இல் சாலை விபத்தில் காலமானார். பிரம்மச்சரியம், உணவு, உறக்கம், பெரியோர் மரியாதை என வாழ்க்கை முழுவதையும் வகுத்துத் தந்த இடம் அது. ஒரு படத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கிறது.

அப்படி ஒரு படத்தை இந்தோனேசியா 2009இலேயே பார்த்துவிட்டது. ‘மெரந்தாவ்’ படத்தை இயக்கிய கேரத் எவன்ஸ் வேல்ஸ் நாட்டுக்காரர். முதலில் அவர் எடுக்கப் போனது பென்சாக் சிலாட் என்னும் தற்காப்புக் கலை பற்றிய ஆவணப்படம். அதற்காகப் பயிற்சிக்கூடத்துக்குள் நுழைந்தபோதுதான் இகோ உவைஸ் என்ற சிலாட் மாணவரைக் கண்டு நாயகனாக்கினார். படத்தின் அடித்தளம் மேற்கு சுமாத்ராவின் மினாங்கபாவ் மக்களின் வழக்கம்: வயதுக்கு வந்த இளைஞன் ஊரை விட்டுப் போய் உலகத்தைப் பார்த்து ஆளாக வேண்டும். படத்தின் நாயகன் கற்ற புலிச் சிலாட், தரையோடு தாழ்ந்து பதுங்கிப் பாயும் முறை. ஜகார்த்தாவில் அவன் போடும் ஒவ்வொரு சண்டையிலும் அவனுடைய ஊர் தெரிகிறது. கலை, வளர்ப்பு, குணம் மூன்றும் அங்கே பிரிவதே இல்லை.

இங்கோ, மேட் இல்லாமல் ஒலிம்பிக் பதக்கம் இல்லை, பதக்கம் இல்லாமல் வேலையும் இல்லை என்பது பயிற்சியாளர்கள் தரப்பு வாதம். அதில் உண்மை உண்டு. ஆனாலும் மேட் வாங்கக் காசு போதும். மண்ணைப் பக்குவம் செய்யும் கைப்பழக்கம் காசுக்குக் கிடைக்காது. மனை விலை ஏறிக்கொண்டே போகும் டெல்லியில் ஒரு கோதா மூடப்பட்டால் அந்த இடத்தில் இன்னொன்று வராது. ஜும்மா மசூதி அருகே உருது பூங்காவில் ஞாயிறுதோறும் கூட்டம் கூட்டிய தங்கல் எனப்படும் குஸ்திப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களும், மண்ணின் பக்குவம் அறிந்த கலீபாக்கள் எனப்படும் குஸ்தி ஆசான்களும் முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் போனால் பிடிகளின் பெயர்கள்கூட மிஞ்சாது.

2019 டிசம்பரில் பென்சாக் சிலாட் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. இந்தியக் குஸ்தி அதில் இல்லை. அடுத்த மல்யுத்தப் படத்துக்குக் கோடிகளை ஒதுக்கப்போகும் தயாரிப்பாளர்கள் அதற்கு முன் ஒரு சிறு படக்குழுவையாவது டெல்லியில் மிஞ்சியிருக்கும் மண் அகாடாக்களுக்கு அனுப்ப வேண்டும். கலீபாக்கள் பேசும் நிலையில் இருக்கும்போதே அனுப்ப வேண்டும்.