கிணற்று நீச்சல் கடலுக்குப் போதுமா?

பல்லடம் பக்கம் முன்பெல்லாம் கல்யாணமும் கறிவிருந்தும் ஓய்ந்த பிறகு மாப்பிள்ளையும் பொண்ணும் ஊட்டிக்கு ஒரு நடை போய் வருவார்கள். அவ்வளவுதான் தேனிலவு. இப்போது அந்தப் பேச்சில் அந்தமானும் மாலத்தீவும் சேர்ந்துவிட்டன. தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் கோழிப்பண்ணைக்கும் ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, கோவையில் விமானம் ஏறிச் சென்னையில் மாறினால், ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாறிய போர்ட் பிளேரில் அன்றைக்கே இறங்கிவிடலாம்.

கடலைப் பார்க்கக் கணவாய் தாண்டிக் கேரளக் கரைக்குப் போக வேண்டிய ஊர்தான் பல்லடம். ஆனாலும் நீச்சலுக்கு இங்கே பஞ்சமில்லை. இடுப்பில் சுரைக்குடுவை கட்டித் தோட்டத்துக் கிணற்றில் பழகியவர்களும், பரம்பிக்குளம் ஆழியாறு (பி.ஏ.பி.) பாசன வாய்க்காலில் குதித்து வளர்ந்தவர்களும் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். கண்ணாடி மாட்டி, குழாயில் மூச்சு விட்டபடி குப்புற மிதக்கும் ஸ்நார்க்லிங் என்றதும் அவர்களுக்கு ஒரு தெம்பு வந்துவிடுகிறது. கிணறு சொல்லிக் கொடுத்ததில் பாதி கடலிலும் செல்லுபடியாகும். மீதிப் பாதியில்தான் வம்பு.

செல்லுபடியாவது மிதப்பது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருப்பதால் அது கிணற்று நீரைவிட இரண்டரை சதவீதம் கனமானது. எழுபது கிலோ ஆளை அது கூடுதலாக ஒன்றே முக்கால் கிலோ அளவுக்குத் தூக்கிப் பிடிக்கும். குப்புறப் படுத்தால் போதும், கையைக் காலை அடித்துக்கொள்ளத் தேவையில்லை.

வாயில் கவ்வும் குழாய் நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. இன்னும் நீளமாக இருந்தால் ஆழத்துக்கே போகலாமே என்று யாருக்கும் தோன்றும். பழைய படங்களில் தாமரைத் தண்டு வழியாக மூச்சு விட்டபடி குளத்தடியில் ஒளிந்திருக்கும் கதாநாயகனைப் பார்த்தவர்களுக்குக் கட்டாயம் தோன்றும். ஆனால் ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் நெஞ்சை வெளிக்காற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதல் அழுத்தத்தோடு அமுக்குகிறது. குழாய் வழியே வருவதோ மேலிருக்கும் சாதாரணக் காற்று. அந்த அமுக்கத்தை எதிர்த்து விலாவை விரிக்க மூச்சுத் தசைகளால் கொஞ்ச நேரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. நீளக் குழாயில் விட்ட மூச்சே திரும்ப உள்ளே போகும் தொல்லை வேறு.

கண்ணாடியின் கதை சுவையானது. நம் கண் ஒளியைக் குவிப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வேலையை முன்பக்கத்து வெளிப்படலமே செய்கிறது. அதன்மேல் தண்ணீர் பட்டால் அந்த வேலை ஏறக்குறைய நின்றுபோகும். கண்ணுக்கு முன்னால் ஒரு பொட்டலம் காற்றை வைத்துக் கண்ணாடி அதை மீட்டுத் தருகிறது. ஆனால் ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால், நாலடி தள்ளியிருக்கும் மீன் மூன்றடியில் இருப்பதுபோலவும் மூன்றில் ஒரு பங்கு பெருத்தும் தெரியும். ஊர் திரும்பி "இத்தாம்பெரிய மீனுங்க" என்று கை விரிக்கும் மாப்பிள்ளை பொய் சொல்வதில்லை. அந்தமான் கடலின் கிழக்குக் கரையில் மோக்கன் எனும் கடலோடி இனத்துப் பிள்ளைகள் கண்ணாடியே இல்லாமல் அடியில் கிடப்பதைப் பொறுக்குகிறார்கள். அவர்கள் கண்பாவையை வெகுவாகச் சுருக்கி, ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரு மடங்கு தெளிவாகப் பார்ப்பதை ஸ்வீடனின் அன்னா கிஸ்லன் குழு 2003இல் வெளியிட்டது.

இனி வம்பு. கிணற்றில் தம் கட்டும் பந்தயம் தெரியாத பையன் கொங்கு நாட்டில் உண்டா? வேகவேகமாக நாலைந்து முறை மூச்சு வாங்கிவிட்டு முங்குவது அதில் ஒரு தந்திரம். அப்படி வாங்குவதால் ரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடிவிடாது. கரியமில வாயுதான் குறையும். 'மூச்சு முட்டுது, மேலே போ' என்று மூளைக்குச் சொல்வதே கரியமில வாயு. அது குறைந்தால் எச்சரிக்கை வரும் முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, மூழ்கியிருப்பவர் வலியில்லாமல் மயங்கிவிடுவார். நல்ல நீச்சல்காரர்களைத்தான் இது கொல்கிறது. புதுப் பெண்டாட்டி முன்னால் காட்ட வேண்டிய வீரம் இதுவல்ல.

இரண்டாவது, கால் ஊன்றுவது. களைத்தால் கிணற்றுப் படியில் நிற்பது நம் பழக்கம். "ஏனுங்க, இந்தக் கல்லு மேல நின்னுக்கட்டுங்களா?" என்று பொண்ணு கேட்டால், வேண்டாம் என்பதே பதில். அது கல்லில்லை, பவளம். மேல்தோல் முழுக்கச் சின்னஞ்சிறு உயிர்கள். உருண்டை வகைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். முழங்கால் உயரத்து உருண்டைக்கு மாப்பிள்ளையைவிட வயது கூட. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி, வெயிலில் சமைக்கும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாடகையாகத் தருகிறது. கடல் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சூடேறிச் சில வாரம் நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுக்கும். பட்டினி நீண்டால் சாகும். அந்தமானில் 2010இல் அப்படி நடந்தது. லட்சத்தீவில் 1998, 2010, 2016 என்று வந்து, 2024 கோடையிலும் கடுமையாக வெளுத்திருப்பதைக் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. ஏற்கெனவே காய்ச்சலில் கிடப்பதன்மேல் ரப்பர் துடுப்புக் காலோடு ஏறி நிற்கிறோம்.

ஜோடியாகப் படம் பிடித்துக்கொள்ளும் வெள்ளை மணல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கிளிமீனின் வயிற்றிலிருந்து. செத்த பவளத்தின் மேல் படர்ந்த பாசிக்காக அலகால் கொறித்து, தொண்டைப் பற்களில் மாவாக்கி, பின்னால் மணலாக விட்டுப்போகும் மீன் அது. மாலத்தீவின் வக்காரு தீவில் புதிதாகச் சேரும் மணலில் 85 சதவீதம் கிளிமீன் தந்தது என்று 2015இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த மீனை அறுத்துத் தட்டில் கேட்பவர்கள் தாங்கள் நிற்கும் தரையைத்தான் தின்கிறார்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கென்றே ஒரு பாடம் உண்டு. குப்புற மிதப்பவரின் முதுகும் கெண்டைக்காலும்தான் வெயிலில் வேகும். அதற்காக வெள்ளைப் பருத்திப் பனியனோடு இறங்குவார்கள். பஜ்ஜியின் எண்ணெய் பட்ட காகிதம் ஒளி ஊடுருவுவதுபோல, இழை இடுக்குகளில் தண்ணீர் நிறைந்ததும் பனியன் கதிரைச் சிதறவிடாமல் உள்ளே அனுப்பும். காய்ந்தபோது ஏழில் ஒரு பங்கு புறஊதாக் கதிரை விடும் துணி, நனைந்தால் மூன்றில் ஒரு பங்கை விடலாம். நெருக்கமாகப் பின்னிய பாலியெஸ்டர்-லைக்ராவில் நல்ல ரகம் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் விடும். க்ரீம் பூசுவதைவிட இது மேல். பவளத்துக்குக் கேடு என்று சிலவகை க்ரீம்களைப் பலாவு 2020இலும் ஹவாய் 2021இலும் தடுத்துவிட்டன.

அடுத்த நாள் தூண்டில் படகு. அந்தமானில் வெளிநாட்டினர் தேடிவருவது ராட்சதப் பாறை மீனை. தூண்டிலில் சிக்கியதில் உலகச் சாதனை, ஜப்பானில் 2006இல் பிடித்த 72.8 கிலோ மீன். பிடித்துப் படமெடுத்து விட்டுவிடுவதுதான் விளையாட்டின் முறை. ஆனால் விட்டதெல்லாம் பிழைத்துவிடாது. அரைமணி மல்லுக்கட்டில் தசையில் அமிலம் ஏறித் தள்ளாடும் மீன் சுறாவுக்குச் சுலப இரை. காய்ந்த கையால் பிடித்தால் உடம்பின் வழவழப்பு உரிந்து நோய் புகும். முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்த மீனின் காற்றுப்பை மேலே வரும்போது நாலு மடங்கு உப்பி, கண்ணும் வயிறும் பிதுங்கிவிடும். லட்சத்தீவின் மினிக்காய் மீனவர்கள் எதிர்முள் இல்லாத கொக்கியால் ஒவ்வொரு சூரையாக இழுக்கிறார்கள். மேல்தளத்தில் விழுந்ததும் மீன் தானே கழன்றுகொள்ளும். பிழைப்புக்குப் பிடிப்பவர் பயன்படுத்தும் அந்தக் கொக்கியை, பொழுதுபோக்குக்குப் பிடிப்பவரும் கேட்டு வாங்கலாம். பிடித்ததைத் தண்ணீருக்குள் வைத்தே கொக்கி கழற்றச் சொல்லலாம்.

திரும்பும்போது கரையில் கிடந்த பவளத் துண்டு ஒன்றை ஞாபகத்துக்குப் பெட்டியில் வைக்கத் தோன்றும். செத்த துண்டானாலும் வைக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் இருப்பது முதல் அட்டவணையில். புலி இருப்பதும் அதில்தான்.