சாமியாடுகிறாரா, மயங்கிச் சரிகிறாரா?

2025 ஜூன் 21 இரவு பிரான்ஸ் நாட்டில் தெருவெல்லாம் பாட்டுக் கச்சேரி. ஆண்டுதோறும் நடக்கும் இசைத் திருநாள் அது. விடிந்து பார்த்தால், கூட்டத்தில் யாரோ ஊசியால் குத்தியதாக 145 பேர் புகார் சொல்லியிருந்தார்கள். 12 பேரைப் போலீஸ் பிடித்தது. சாத்தான்குளத்தில் இதைப் படிப்பவருக்கு 'நமக்கென்ன வந்தது' என்று தோன்றலாம். குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவை நினைத்துப் பாருங்கள். சாத்தான்குளம், உடன்குடி சுற்றுவட்டார ஊர்களிலிருந்து தசராக் குழுக்கள் வேடம் கட்டிக் கிளம்புகின்றன. சூரசம்ஹார இரவில் கடற்கரையில் லட்சக்கணக்கில் ஜனம். மேளச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது.

ஊசியைவிட டம்ளர்

ஊசி என்றால் பயம் அதிகம். ஆனால் ஒருவரை மயக்குமளவு மருந்து உள்ளே போக, ஊசி சில விநாடியாவது உடம்பில் நிற்க வேண்டும். துள்ளும் கூட்டத்தில் அது லேசுப்பட்ட வேலை இல்லை. குடிக்கிறதில் கலப்பது சுலபம். நம் நாட்டில் அது பழைய கதையும்கூட. ஊமத்தை விதையைச் சாப்பாட்டில் கலந்து வழிப்போக்கரைக் கொள்ளையடித்தவர்களைப் பற்றி வெள்ளைக்காரர் காலத்துப் பதிவுகள் பேசுகின்றன. பின்னாளில் ரயிலில் லோராசிபாம் போன்ற தூக்க மாத்திரைகள் அந்த இடத்துக்கு வந்தன. தெரியாதவர் தரும் பிஸ்கட், குளிர்பானம் வேண்டாம் என்ற எச்சரிக்கை முத்துநகர் எக்ஸ்பிரஸில் போய்வருகிறவர்களுக்குப் புதிதல்ல.

தெரியாதவர் மட்டும்தானா? 2022 ஆகஸ்டில் கோவாவின் அஞ்சுனா கடற்கரை விடுதியொன்றில் நடந்த விருந்துக்குப் பின் ஹரியானா பா.ஜ.க. பிரமுகரும் நடிகையுமான சோனாலி போகாட் இறந்துபோனார். குடிக்கும் தண்ணீரில் போதைப்பொருள் கலந்து கொடுத்தார்கள் என்பது கோவா போலீஸ் சுமத்திய குற்றச்சாட்டு. முதலில் கைதான இருவரும் அவருடன் ஊரிலிருந்து கூடவே வந்தவர்கள்.

இப்படி அதிகம் கலக்கப்படும் சரக்கு எது என்றால், சாராயம்தான். கோலாவில் சொல்லாமல் ஊற்றுவது, ஒரு பெக் என்று சொல்லி இரண்டு ஊற்றுவது. விளையாட்டுக்குச் செய்தேன் என்பார்கள். காலையிலிருந்து பட்டினி கிடந்த உடம்பில் அது சீக்கிரம் ஏறும்; தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சையே அடக்கும்.

அன்னதானப் பந்தலைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே அண்டாவிலிருந்து மொள்ளும் மோரில் பயப்பட ஒன்றுமில்லை. மூடி திறந்து ஒருவர் கையில் தனியாக நீட்டப்படும் பாட்டில் வேறு விஷயம். கீழே வைத்துவிட்டுப் போன பாட்டிலைத் திரும்ப வந்து குடிக்காதீர்கள். ருசி பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள்.

பூச்சுக்கு அடியில் முகம்

தசராவுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒருவர் தள்ளாடினால் "சாமி வந்துட்டு, விடுங்க" என்று கூட்டம் விலகி வழிவிடும். அருள் வந்தவர் மேளத்தோடு சேர்ந்து ஆடுவார்; இறங்கியதும் தண்ணீர் கேட்பார், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார். மருந்து ஏறியவருக்குத் தாளம் தப்பும், நாக்கு குழறும், கண் செருகும், வாந்தி வரும். ஊமத்தையாக இருந்தால் கண்மணி விரிந்து, வாய் உலர்ந்து, இல்லாததைப் பார்த்துப் பிதற்றுவார்.

காளி வேடமிட்டவரின் முகம் வெளுத்தாலும் நீலம் பாய்ந்தாலும் பூச்சுக்கு வெளியே தெரியாது. உதட்டின் உட்புறத்தையும் நகக்கண்ணையும் பாருங்கள். கிரீடம், தொங்கும் நாக்கு, கட்டிய கைகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர், கடுங்காபி எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். நினைவில்லாதவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்குக் கீழே போனாலோ, உலுக்கியும் விழிக்காவிட்டாலோ உடனே 108. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும். 'வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன்' என்று முன்வரும் அந்நியரிடம் ஒப்படைக்காதீர்கள்.

குழுத் தலைவர்கள் காப்புக் கட்டும் அன்றே இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்த்துவிட்டால் யாரைக் காணோம் என்பது சீக்கிரம் தெரிந்துவிடும்.

முதல் சிறுநீர்

ஜி.எச்.பி. என்ற மயக்கப் பொருள் சிறுநீரில் ஏறக்குறைய 12 மணி நேரம்தான் தங்கும், ரத்தத்தில் அதைவிடக் குறைவு. வேறு சில மருந்துகளை ஐந்து நாள்வரைகூடச் சிறுநீரில் கண்டுபிடிக்க முடியும். அதனால் ஆஸ்பத்திரியில் முதல் சிறுநீரை வீணாக்காமல் கொடுங்கள். மிச்சமிருக்கும் பாட்டிலையும் எடுத்துப்போங்கள்.

குத்துப்பட்ட தடம் இருந்தால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிதுக்க வேண்டாம். டெட்டனஸ் ஊசி, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி தேவையா என்று மருத்துவர் பார்ப்பார். எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தும் தடுப்பு மாத்திரை தேவை என்று மருத்துவர் சொன்னால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

புகார் கொடுப்பதா?

குற்றம் செய்யும் நோக்கில் மயக்கப் பொருள் கொடுப்பவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா 123-ஆம் பிரிவின்படி பத்து ஆண்டுவரை சிறை உண்டு. ஆனால் 2020 ஜூனில் காவல் சித்திரவதைக்குத் தந்தையையும் மகனையும் பறிகொடுத்த சாத்தான்குளத்தில், ஸ்டேஷன் படியேறச் சொன்னால் தயக்கம் வரத்தான் செய்யும். சிகிச்சைக்கு எஃப்.ஐ.ஆர். தேவையில்லை, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருத்துவர் எழுதும் குறிப்பே பின்னால் சாட்சியாகும். பெண்கள் 181-லும், குழந்தைகளுக்காக 1098-லும் உதவி கேட்கலாம்.