“கமிஷன் கிடையாது” என்றால் உஷார்! வெளிநாட்டில் நம் பணம் கரையும் கணக்கு

மாதம் பிறந்து முதல் வாரம் வந்துவிட்டால் போதும். அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தபால் ஆபீஸ்களில் ஒரு காலத்தில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். மில் தொழிலாளி, கொத்தனார், ஓட்டல் சப்ளையர், குமாஸ்தா எல்லார் கையிலும் மணியார்டர் பாரம். வேலூருக்கும், தர்மபுரிக்கும், திருவண்ணாமலைக்கும் பணம் போக வேண்டும். கூடவே கூப்பனில் நாலு வரி.

இந்தியாவில் மணியார்டர் 1880-ல் தொடங்கியது. பிற்காலத்தில் அதற்குக் கமிஷன் 20 ரூபாய்க்கு 1 ரூபாய். அதாவது நூற்றுக்கு ஐந்து. அந்த ஐந்து ரூபாயைக் கொடுக்க மனம் வராமல், ஊருக்குப் போகிற ஆளிடம் பணத்தைக் கொடுத்து அனுப்பியவர்கள் எத்தனையோ பேர். (பிறகு ஆளையும் பணத்தையும் சேர்த்துத் தேடியவர்களும் உண்டு.)

இன்று அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் துபாயில் வேலை செய்கிறார்கள், சிங்கப்பூரில் குடியிருக்கிறார்கள். மகளின் பிரசவத்துக்கு அம்மா விமானம் ஏறுகிறார். பேரனைப் பார்க்க ஓய்வு பெற்ற தொழிற்சாலை ஊழியர் கிளம்புகிறார். அன்று ஐந்து ரூபாய்க்குக் கணக்குப் பார்த்த அதே கை, தேவனஹள்ளி விமான நிலையத்தில் நூற்றுக்குப் பத்து ரூபாயைக் கணக்கே பார்க்காமல் கொடுத்துவிட்டுப் போகிறது! ஏன் தெரியுமா? அந்தப் பத்து ரூபாய் எந்த ரசீதிலும் கமிஷன் என்று எழுதப்படுவதில்லை.

விலைக்குள் ஒளிந்த கமிஷன்

பணம் மாற்றும் கடையில் ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு விலை இருக்கும். ஒன்று, நமக்கு விற்கும் விலை. மற்றொன்று, நம்மிடம் வாங்கும் விலை. உண்மையான சந்தை விலை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். அதைப் பத்திரிகையின் வர்த்தகப் பக்கத்திலோ செல்போனிலோ ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். சந்தை விலைக்கும் நமக்கு விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் கடைக்காரரின் லாபம். “கமிஷன் கிடையாது” என்று போர்டு தொங்கினாலும் இந்த லாபம் தொங்கிக்கொண்டேதான் இருக்கும்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர்கள் ‘வெள்ளி’ என்பார்கள். ஒரு வெள்ளியின் சந்தை விலை 70 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் வெள்ளி வேண்டும். உள்ளதைச் சொன்னால் 70,000 ரூபாய்தான்.

விமான நிலையக் கவுண்டரில் விலை 77 ரூபாய் என்றால், 77,000 ரூபாய் கொடுக்க வேண்டும். ஊருக்குள் நாலு கடை ஏறி இறங்கி 71 ரூபாய் 20 காசுக்கு வாங்கினால் 71,200 ரூபாய். இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால், தொகையில் நூற்றுக்கு ஒரு ரூபாயை எடுத்து, அதன் மேல்தான் 18 சதவீதம் போடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் 45 ரூபாய்க்குக் குறையாது. இங்கே நூற்று முப்பது ரூபாய் சுமார் வரும். ஆக வரி சிறிது, விலைதான் பெரிது. இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் 5,800 ரூபாய்! ஒரு சின்னக் குடும்பத்தின் மாத மளிகை அது.

விமான நிலையத்துக்குள் போனபின் வேறு கடைக்குப் போக முடியாது என்பது கவுண்டர்காரருக்குத் தெரியும். ரயிலடியில் வண்டி கிளம்பும் நேரத்தில் டீ விற்பவருக்கும் இது தெரியும்.

எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி “கமிஷன் எவ்வளவு?” என்பதல்ல. “என் கைக்கு ஆயிரம் வெள்ளி வர, மொத்தமாக எத்தனை ரூபாய் எடுத்து வைக்க வேண்டும்?” என்று கேளுங்கள். அதைச் சந்தை விலையோடு ஒப்பிட்டு, நூற்றுக்கு எவ்வளவு போகிறது என்று பாருங்கள். நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால், அன்றைய மணியார்டரைவிட மோசம்! தபால்காரராவது வீட்டு வாசலுக்கு வந்து எண்ணிக் கொடுத்தார்.

எட்டு டாலரும் வளைகுடா ரூபாயும்

பழைய ஆட்களுக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை. 1966 வரை துபாயில் ரூபாய்தான் ஓடியது. அங்கே புழங்குவதற்கென்றே ரிசர்வ் வங்கி 1959-ல் ‘வளைகுடா ரூபாய்’ நோட்டு வெளியிட்டது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது அந்த ஊர்கள் ஒவ்வொன்றாக ரூபாயைக் கைவிட்டன. பிறகு அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. 1970-களில் விமானம் ஏறுகிறவர் கையில் எட்டு டாலர் இருந்தால் பெரிய விஷயம்.

இப்போது கதை வேறு. 2000 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள ‘ஃபெமா’ சட்டத்தின் கீழ், ஒருவர் நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம், செலவழிக்கலாம். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வரம்பு எட்டாக் கனி. தெரிந்துகொள்ள வேண்டியவை சின்ன விதிகள்தான். நோட்டாக வாங்குவது பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை. ரொக்க ரூபாய் கொடுத்து வாங்குவதானால் 50,000 ரூபாய்க்குள். அதற்கு மேல் என்றால் செக் அல்லது வங்கிக் கணக்கு வழியாகத்தான். நம் ரூபாய் நோட்டை வெளியே கொண்டுபோவது 25,000 வரை. திரும்பி வந்து ஆட்டோ பிடிக்க அது போதும்.

எந்த நாணயத்தை இங்கே வாங்குவது என்பதிலும் சூட்சுமம் உண்டு. அமெரிக்க டாலர் நிறையப் புழங்குவதால் அதில் விலை வித்தியாசம் குறைவு. மலேசிய ரிங்கிட் போன்றவை இங்கே அதிகம் புழங்காததால் வித்தியாசம் கூடும். துபாய் திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிப் போடப்பட்டது. ஆகவே துபாய் போகிறவர் இங்கே டாலர் வாங்கி அங்கே மாற்றினால் எவ்வளவு, நேராகத் திர்ஹாம் வாங்கினால் எவ்வளவு என்று இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. புதிதாக வேலைக்குப் போகிறவருக்கு முதல் சம்பளம் வர ஒரு மாதம் ஆகும். அதுவரை சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கையில் ரொக்கம் கட்டாயம் வேண்டும்.

அட்டையைத் தேய்க்கும் முன்

“ரொக்கம் எதற்கு? ஏ.டி.எம். அட்டைதான் இருக்கிறதே!” என்பார் சிலர். சரிதான். ஆனால் பல வங்கிகள் வெளிநாட்டுச் செலவுக்கு நூற்றுக்கு மூன்றரை ரூபாய் கூட்டி, அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் போடுகின்றன. நம் கணக்கில் 70,000 ரூபாய்க்கு 2,891 ரூபாய். மணியார்டருக்குச் சற்றுக் கீழே! இந்தக் கூடுதலே இல்லாத அட்டைகளும் இருக்கின்றன. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வங்கியில் விசாரித்து வாங்கிவிட்டால், எல்லாவற்றிலும் மலிவு அதுதான்.

ஏ.டி.எம்.மில் எடுப்பது தனிக் கதை. நம் வங்கி ஒவ்வொரு தடவைக்கும் ஒரு தொகை பிடிக்கும். அந்த ஊர் வங்கியும் பிடிக்கலாம். ஒரு தடவைக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 வெள்ளி எடுக்கிறவர் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கொடுக்கிறார். 400 வெள்ளி எடுக்கிறவர் நூற்றுக்கு அரை ரூபாய்தான் கொடுக்கிறார். ஆகவே அடிக்கடி சில்லறையாக எடுக்காதீர்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே கூடாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

முன்பணம் கட்டிப் பெறும் ‘ஃபாரெக்ஸ்’ அட்டையில், பணம் ஏற்றும் அன்றைய விலை நிலைக்கும். ரூபாய் விழுந்தாலும் கவலையில்லை. ஆனால் டாலர் ஏற்றிய அட்டையைச் சிங்கப்பூரில் தேய்த்தால் நாணயம் மாற்றியதற்கு மறுபடியும் ஒரு கட்டணம்! எந்த ஊருக்குப் போகிறீர்களோ அந்த ஊர்ப் பணத்தையே ஏற்றுங்கள்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. கடையில் அட்டையைக் கொடுத்ததும் இயந்திரம் கேட்கும்: “ரூபாயில் கட்டுகிறீர்களா? வெள்ளியில் கட்டுகிறீர்களா?” ரூபாய் என்றதும் நமக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். பொத்தானை அமுக்கிவிடுவோம். அது அந்த ஊர்க்காரர் வைத்த விலை. சில வங்கிகள் அதன் மேலும் கட்டணம் போடுகின்றன. எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள்.

புது அட்டைகள் 2020 முதல் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. வெளிநாட்டு உபயோகத்தை நாமே திறக்க வேண்டும். சாங்கியில் இறங்கிய பிறகு நினைவு வந்தால், ரகசிய எண் வரும் சிம் பெங்களூரில் மேஜை டிராயரில் கிடக்கும்.

செல்போன் வழி

யு.பி.ஐ. இப்போது கடல் தாண்டிவிட்டது. இலங்கையிலும் மொரீஷியசிலும் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. சிங்கப்பூரின் ‘பே நவ்’ முறையோடு 2023 பிப்ரவரி 21-ல் இணைக்கப்பட்டது. சில வங்கிக் கணக்குகளிலிருந்து அங்குள்ள உறவினரின் போன் நம்பருக்கே பணம் அனுப்பலாம், அவர்களிடமிருந்து பெறலாம். இதிலும் மாற்று விலை ஒன்று உண்டு. எத்தனை ரூபாய் பிடிக்கப் போகிறது என்று திரையில் காட்டும். அதைப் படித்த பிறகே ரகசிய எண்ணைப் போடுங்கள்.

சம்பாதித்து வீட்டுக்கு அனுப்புகிறவருக்கும் இதே கணக்குத்தான். அனுப்பும் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், ஆயிரம் திர்ஹாம் கொடுத்தால் வீட்டில் எத்தனை ரூபாய் விழும் என்று இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள்.

டெல்லிக்காரர்கள் ஹவாலா என்பதை நம்மவர்கள் ‘உண்டியல்’ என்பார்கள். விலை கொஞ்சம் கூடத் தருவார்கள், உண்மைதான். ஆனால் ரசீது கிடையாது. பணம் வராவிட்டால் போலீசுக்கும் போக முடியாது. ஃபெமா சட்டத்தில் தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் உண்டு. வீட்டுக் கணக்கில் வந்து விழுவது யார் பணம் என்றும் தெரியாது. அது திருட்டுப் பணமாக இருந்தால் அப்பாவின் பென்ஷன் கணக்கே முடங்கும்.

மிச்சம் இருந்தால்

ஊர் திரும்பியதும் மீந்த நோட்டுகளை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது விதி. அடுத்த பயணத்துக்கென்று 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் விற்கும்போது கிடைப்பது அந்தக் குறைந்த விலைதான். 77 ரூபாய்க்கு வாங்கியதை 67-க்குக் கேட்டாலும் கேட்பார்கள். நாணயங்களைப் பெரும்பாலான கடைகள் தொடவே மாட்டா. கடைசி நாளில் சிராங்கூன் சாலையில் ஒரு காபியும் பஸ் கட்டணமுமாக அவற்றைத் தீர்த்துவிட்டு வருவதே நல்லது.