ஒரு வலி, பல விடைகள்

1927இல் அமெரிக்காவின் ஆல்பனி நகர மருத்துவர் ஜான் சாம்ப்சன் ஒரு விளக்கம் தந்தார். மாதவிடாய் இரத்தத்தில் ஒரு பங்கு கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போகிறது. அதோடு போகும் கருப்பை உட்சவ்வின் துணுக்குகள் சினைப்பையிலும் குடல்மேலும் ஒட்டி வளர்கின்றன. வலி தரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் பிறப்பது இப்படித்தான் என்றார். மூன்று ஆண்டு கழித்து, இங்கே மைசூர் சமஸ்தானத்தின் மருத்துவக் கல்லூரி பெங்களூரிலிருந்து மைசூர் நகருக்கு வந்தது.

மைசூர்ப் பெண்களின் வாழ்க்கையும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. 1881இல் மகாராணி பெண்கள் பள்ளி தொடங்கிய இதே ஊரில், எட்டு வயதுகூட ஆகாத சிறுமிக்கு மணம் முடிப்பதைத் தடுக்க 1894இல் சமஸ்தானம் சட்டம் போட வேண்டியிருந்தது. இன்று சட்டம் கேட்கும் வயது 18. கர்நாடகத்தில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி 1992-93இல் 2.85, 2019-21இல் 1.7. கர்ப்பமும் பாலூட்டலும் மாதவிடாயை நிறுத்திவைத்த ஆண்டுகள் சுருங்கின. பாட்டி கண்டதைவிடப் பேத்தி காணும் மாதவிடாய்கள் அதிகம். அதனால் நோயே பெருகியது என்று சொல்லிவிட முடியாது. பாட்டியின் வயிற்றுக்குள் பார்த்தவர் எவருமில்லை. ஆனாலும் 1940களில் பாஸ்டன் மருத்துவர் ஜோ மெய்க்ஸ், சீக்கிரம் மணந்து சீக்கிரம் பெறுவதே தடுப்பு என்றார். பழி பெண்ணின் படிப்பின்மேலும் வேலையின்மேலும் விழுந்தது.

1984இல் கணக்கு மாறியது. கருக்குழாய் அடைபடாத பெண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு இரத்தம் பின்னோக்கிப் போவது தெரியவந்தது. நோயோ பத்தில் ஒருவருக்குத்தான். சாம்ப்சன் காட்டியது வழி. துணுக்குகள் சிலரிடம் மட்டும் ஏன் வேரூன்றுகின்றன என்பதற்கு அதில் விடையில்லை. இன்று அவற்றை அகற்றத் தவறும் நோயெதிர்ப்பைப் பேசுகிறார்கள். தானே ஈஸ்ட்ரோஜனைச் சுரந்துகொள்ளும் திசுவையும் ஸ்டெம் செல்களையும் ஆராய்கிறார்கள். புற்றுநோய் அல்லாத இத்திசுவிலும் புற்றுநோய்க்குரிய மரபணு மாற்றங்கள் 2017இல் தென்பட்டன. நோயோடு தொடர்புள்ள 42 மரபணுப் பகுதிகள் 2023இல் பட்டியலாயின.

நோயை உறுதிசெய்யும் முறையும் மாறியது. சாம்ப்சன் காலத்தில் வயிற்றைத் திறந்தால்தான் நோய் உறுதியாகும். பிறகு லேப்ராஸ்கோப்பியின் சிறு துளை போதுமானது. 2022இன் ஐரோப்பிய வழிகாட்டுதலோ ஸ்கேனையும் அறிகுறிகளையும் கொண்டே சிகிச்சையைத் தொடங்கலாம் என்கிறது.

ஒற்றை வரி விடை போய்விட்டது. அதோடு, வாழும் விதத்தால் வந்த நோய் என்ற குற்றச்சாட்டும் வலுவிழந்தது. “கல்யாணம் ஆனா சரியாயிடும்” என்ற ஆறுதல் மட்டும் இன்னும் பல வீடுகளில் கேட்கிறது. கர்ப்பம் சிலருக்கு வலியைச் சில மாதம் தள்ளிவைக்கும், நோயைத் தீர்ப்பதில்லை.