கண்ணுக்குப் புலப்படாத சுழல்

ஆற்றில் படகு சென்ற பின்னும் அதன் தடம் சிறிது நேரம் அலையாக நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். வானில் செல்லும் விமானமும் தன் பின்னே ஒரு தடத்தை விட்டுச் செல்கிறது. ஆனால் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பின்னால் வரும் விமானத்திற்கு இடர் விளைவிப்பது அதுவே.

இத்தடம் எவ்வாறு உண்டாகிறது? பறக்கும்போது இறக்கையின் அடிப்புறத்தில் காற்றழுத்தம் மிகுதியாகவும், மேற்புறத்தில் குறைவாகவும் இருக்கும். இவ்வேறுபாடே விமானத்தைத் தாங்குகிறது. ஆயினும் இறக்கையின் நுனியில், கீழுள்ள காற்று மேல்நோக்கிச் சுருண்டு ஏறுகிறது. இவ்வாறு இரு நுனிகளிலிருந்தும் இரு சுழல்கள் கிளம்பிப் பின்னே நீளுகின்றன. எடை மிகுந்து வேகம் குறைந்திருக்கும்போது அவற்றின் வலிமை மிகும். எரிபொருள் நிரப்பிப் புறப்படும் பெரிய விமானத்தின் நிலை அதுவே அன்றோ! அதன் பின்னே எழும் சிறிய விமானம் நிலைகுலைந்தால், மீள்வதற்குப் போதிய உயரமும் இராது.

ஆகவே 1,36,000 கிலோகிராமும் அதற்கு மேலும் எடையுள்ள விமானம் புறப்பட்டபின், சிறிய விமானம் அதே ஓடுபாதையில் கிளம்ப வழக்கமாக 2 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஏர்பஸ் ஏ380க்குப் பின் 3 நிமிடம். சுழல் மெல்லத் தாழ்ந்து செல்லும் இயல்புடையதாதலால், முன்சென்ற விமானத்தின் பாதைக்கு மேலாகப் பறப்பதும் பாதுகாப்பாகும்.

சுழலைவிட அதற்கு நாம் காட்டும் எதிர்வினை கொடியதாகிவிடுவதும் உண்டு. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து சாண்டோ டொமிங்கோவுக்குப் புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587ஆம் எண் விமானம், முன்சென்ற போயிங் 747இன் சுழலில் அகப்பட்டது. அச்சுழல் விமானத்தை வீழ்த்தும் வலிமையுடையதன்று. ஆனால் துணை விமானி சுக்கானை இடமும் வலமுமாகப் பலமுறை முழு வேகத்தில் மிதித்தார். அந்த விசையைத் தாங்காமல் செங்குத்து வால் முறிந்து விழுந்தது. விமானத்திலிருந்த 260 பேரும், தரையில் 5 பேரும் மாண்டனர்.

விசாரணை அவரை மட்டும் குறைகூறி நிற்கவில்லை. சுக்கானின் அமைப்பும், அந்நிறுவனம் அளித்த பயிற்சியின் சில கூறுகளும் காரணங்களுள் அடங்கும் என 2004இல் அறிவித்தது. குறிப்பிட்ட வேகத்திற்குக் கீழே சுக்கானை எப்படித் திருப்பினாலும் விமானம் தாங்கும் என்ற தவறான எண்ணம் விமானிகளிடையே பரவியிருந்ததும் அப்போது தெரியவந்தது.

இடரிலிருந்து காக்கவே பயிற்சி அளிக்கப்படுகிறது. அப்பயிற்சி எதைச் செய்ய வேண்டும் என்பதோடு, எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்பதையும் கற்பிக்க வேண்டும். 265 உயிர்களை விலையாகக் கொடுத்து விமான உலகம் கற்ற பாடம் இது.